காடு முடியும் இடம்: வட மர எல்லையின் நெடுங்கால வரலாறு

உலக வரைபடத்தில் வடதுருவத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டிருப்பார்கள். அதற்குத் தெற்கே தைகா காடு, வடக்கே மரமில்லாத தூந்திரம். அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, ரஷ்யா என்று சுற்றிவரும் அந்த மர எல்லையின் நீளம் 13,000 கிலோமீட்டருக்கு மேல். காலநிலையியலாளர் விளாடிமிர் கோப்பென் இதற்கு எளிய விதி ஒன்றை வகுத்தார்: ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியசை எட்டாத இடத்தில் மரம் வளராது. பாடநூல்கள் இன்றும் இதைத்தான் சொல்கின்றன. வரைபட அளவில் விதி சரி. ஆனால் நிலத்தில் போய்த் தேடினால் கோடு என்று ஒன்று கிடைப்பதில்லை. காற்று படாத பள்ளத்தில் ஒரு தோப்பு, மேட்டில் முழங்கால் உயரப் புதர், அதற்கப்பால் பல கிலோமீட்டருக்கு லைக்கன் படர்ந்த வெட்டவெளி, மறுபடி ஆற்றோரமாக ஒரு வரிசை மரம். வடக்குக் கியூபெக்கில் இந்தக் கலப்பு நிலம் நூறு கிலோமீட்டருக்கும் மேல் அகன்று கிடக்கிறது.

ஏன் இந்தப் பள்ளத்தில் மரம் இருக்கிறது, அதே வெப்பமுள்ள அடுத்த பள்ளத்தில் இல்லை? கோப்பெனின் விதியில் இதற்குப் பதில் இல்லை. பதில் ஏரிச் சேற்றிலும், சதுப்பில் புதைந்த கட்டைகளிலும், மண்ணுக்கடியில் கிடக்கும் கரித்துண்டுகளிலும் இருக்கிறது. கடந்த நூறு ஆண்டுகளில் அவற்றைப் படித்தவர்கள் சேர்த்துவைத்த சான்றுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்கு உறுதியாகத் தோன்றுவது இது: வட எல்லையில் இன்று நிற்கும் காடு, இன்றைய காலநிலையின் விளைவு என்பதைவிட, பழைய வெப்பங்கள், குளிர்கள், தீக்கள், புழுக்கள், மேய்ச்சல் ஆகியவற்றின் மிச்சம். இதை மறந்துவிட்டு அந்தக் காட்டின் எதிர்காலத்தைக் கணிப்பது தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

முதலில் சான்றுகளைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் பாதிச் சண்டை அங்கேதான். 1916-இல் சுவீடன் நாட்டு லென்னார்ட் ஃபான் போஸ்ட், கிறிஸ்தியானியா நகரில் (இன்றைய ஆஸ்லோ) நடந்த கூட்டமொன்றில், சதுப்பு மண்ணில் அடுக்கடுக்காகப் படிந்த மகரந்தத்தை எண்ணி வரைந்த படங்களைக் காட்டினார். எந்தக் காலத்தில் எந்த மரம் எவ்வளவு இருந்தது என்பதை மகரந்த விழுக்காட்டிலிருந்து கணிக்கலாம் என்றார். மகரந்தப் பகுப்பாய்வு அன்றுதான் அறிவியலாக நிமிர்ந்தது. மகரந்தத் துகளின் மேலுறை எளிதில் மக்காது. காற்றுப் புகாத சேற்றில் பல்லாயிரம் ஆண்டுகள் வடிவம் மாறாமல் கிடக்கும்.

ஆனால் மர எல்லையில் இந்த முறை தடுமாறுகிறது. பைன் மகரந்தத்துக்கு இரண்டு பக்கமும் காற்றுப் பைகள் உண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து போகும். தூந்திரத்தில் மரங்களே குறைவு, உள்ளூர்ச் செடிகள் தரும் மகரந்தமும் சொற்பம். ஆகவே தெற்கிலிருந்து காற்றில் வந்த பைன் துகள்கள் கண்ணாடித் தகட்டை நிரப்பிவிடுகின்றன. நுண்ணோக்கியில் பார்ப்பவர் அங்கே ஒரு பைன் காடு இருந்தது என்று எழுதிவிடலாம். உண்மையில் ஒரு மரமும் இருந்திருக்காது. லார்ச் மரத்தின் கதை நேர் எதிர். அதன் மகரந்தத்துக்குக் காற்றுப் பை கிடையாது, மரத்தடியிலேயே விழும், சேற்றில் சீக்கிரம் சிதையும். ஒரு முழு லார்ச் காட்டின் நடுவில் உள்ள ஏரியில்கூட அதன் மகரந்தம் மிகக் குறைவாகவே தென்படும். சைபீரியாவின் மர எல்லை பெரும்பாலும் லார்ச்சால் ஆனது என்பதை நினைத்தால், இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று புரியும்.

அதனால் ஆய்வாளர்கள் வேறு வழி தேடினார்கள். ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷீலா ஹிக்ஸ், விழுக்காட்டை விட்டுவிட்டு ஆண்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் எத்தனை துகள் விழுகிறது என்று பொறிகள் வைத்து அளந்தார். வேறு சிலர் ஊசியிலைகளின் இலைத்துளைக் காவற்செல்களைச் சேற்றில் தேடினார்கள். அவை காற்றில் வெகுதூரம் போகமாட்டா. ஒன்று கிடைத்தாலே மரம் பக்கத்தில் இருந்தது என்று பொருள். எல்லாவற்றையும்விட உறுதியான சாட்சி கட்டைதான். இன்றைய எல்லைக்கு வடக்கே சதுப்பில் வேரோடு நிற்கும் அடிமரம் ஒன்றைக் கார்பன்-14 முறையில் காலம் கணித்துவிட்டால் யாரும் மறுக்கமுடியாது. ஃபின்லாந்தின் லாப்லாந்து ஏரிகளின் அடியிலிருந்து மாட்டி எரோனெனும் அவருடைய குழுவினரும் எடுத்த பைன் கட்டைகளின் ஆண்டு வளையங்களைப் பொருத்தி, 7,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில்லாத காலவரிசை உருவாகியிருக்கிறது. சுவீடனின் தோர்னெத்ரெஸ்க் ஏரிப் பகுதியிலும் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்திலும் இதுபோன்ற வரிசைகள் உண்டு.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால் எல்லை என்பதே பொருளிழக்கிறது. கனடாவின் ஆக்செல் ஹைபர்க் தீவில், கிட்டத்தட்ட 80 டிகிரி வட அட்சத்தில், சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மெட்டாசிக்கோயா மரங்களின் அடிக்கட்டைகள் கல்லாகாமல் மரமாகவே கிடைத்திருக்கின்றன. மாதக்கணக்கில் சூரியன் எழாத இடத்தில் காடு செழித்திருக்கிறது. வடக்கு கிரீன்லாந்தின் காப் கோபன்ஹாவ்ன் படிவுகளிலிருந்து 2022-இல் மீட்கப்பட்ட சுமார் 20 லட்சம் ஆண்டு பழைய டி.என்.ஏ., பாப்லர், பிர்ச், துயா மரங்களும் மாஸ்டோடான் யானைகளும் சேர்ந்து வாழ்ந்த ஒரு காட்டைக் காட்டியது. காட்டைத் தடுப்பது இருளில்லை, கோடைக் குளிர்தான் என்பதற்கு இவ்விரண்டும் போதும்.

கடைசிப் பனியுகத்தில் வடமரங்கள் எங்கே ஒதுங்கின என்ற கேள்வி இன்னும் சூடாகவே இருக்கிறது. பனிப்பாளங்களுக்குத் தெற்கே பின்வாங்கி, பனி உருகியபின் படிப்படியாகத் திரும்பின என்பது பழைய விடை. அலாஸ்காவின் வெள்ளை ஸ்புரூஸ் மரங்களின் மரபணு ஆய்வு 2006-இல் அதில் ஓர் ஓட்டை போட்டது: அங்குள்ள மரங்களில் ஒரு பகுதி, பனி மூடாத அலாஸ்காவிலேயே பனியுகத்தைக் கழித்திருக்கிறது. ஸ்காண்டிநேவியாவில் விவாதம் கடுமையானது. சுவீடனின் உமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீஃப் குல்மன், மலை உச்சிகளில் எதிர்பாராத அளவு பழைய மரத்துண்டுகளைக் கண்டெடுத்தவர். ஃபுலுஃப்யெல்லெத் மலையில் அவர் கண்டுபிடித்த, 'ஓல்ட் ஜிக்கோ' என்று பெயர்பெற்ற ஸ்புரூஸ் ஐந்து மீட்டர் உயரம்தான். ஆனால் அதன் அடியில் கிடந்த மரத்துண்டின் வயது சுமார் 9,550 ஆண்டுகள். கீழ்க்கிளை தரையைத் தொட்டு வேர்விட, ஆலமரம் விழுதூன்றி நிலைப்பதுபோல், ஒரே மரம் தண்டு மாற்றி மாற்றி வாழ்ந்திருக்கிறது என்பது குல்மனின் விளக்கம். மேலே நிற்கும் மரமும் அடியில் கிடந்த துண்டும் தொடர்ச்சியாக ஒரே உயிர்தானா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனாலும் ஸ்புரூஸ் அந்த மலைகளுக்கு மிகப் பிந்தி வந்தது என்ற பழைய நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது.

அதைத் தொடர்ந்து 2012-இல், நார்வேயின் ஆண்டோயா தீவு ஏரிச் சேற்றில் 17,000 ஆண்டுகளுக்கு முந்தைய பைன், ஸ்புரூஸ் டி.என்.ஏ. இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. பனிப்பாளத்தின் ஓரத்திலேயே மரங்கள் தப்பிப் பிழைத்தன என்று பொருள். மகரந்த ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. மாசு கலந்திருக்கலாம், ஓர் ஊசியிலைகூடக் கிடைக்கவில்லையே என்றார்கள். பின்னால் அதே தீவின் படிவுகளை மீண்டும் விரிவாக ஆராய்ந்தபோது மரங்களுக்கான தடயம் கிடைக்கவில்லை. என் மதிப்பீட்டில் ஸ்காண்டிநேவியப் புகலிடம் இன்னும் நிறுவப்படாத வாதம். அலாஸ்காவின் புகலிடத்தை ஏற்கலாம்.

பனியுகம் முடிந்தபின் நடந்தது பற்றி அவ்வளவு சந்தேகம் இல்லை. பூமியின் அச்சுச் சாய்வும் சுற்றுப்பாதையும் அன்று இருந்த நிலையில், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் வட அட்சங்களுக்குக் கிடைத்த கோடைச் சூரியவெப்பம் இன்றையதைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு அதிகம். காடு வடக்கே பாய்ந்தது. கிளென் மெக்டொனால்டும் ரஷ்ய ஆய்வாளர்களும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பில், கார்பன்-14 கணக்கில் 9,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன்வரை ரஷ்யாவின் பெரும்பகுதியில் காடு ஆர்க்டிக் கடற்கரை வரை அல்லது அதன் அருகு வரை சென்றிருந்தது என்று காட்டினார்கள். அந்தக் கரையில் ஜூலை வெப்பநிலை இன்றையதைவிட 2.5 முதல் 7 டிகிரி வரை அதிகமாக இருந்திருக்கலாம். சூரியன் மட்டும் காரணமில்லை. கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் கரை இன்னும் வடக்கே இருந்தது, கடற்குளிர் உள்நாட்டை எட்டவில்லை, கடற்பனியும் குறைந்திருந்தது. காடு தானும் வெப்பத்துக்குக் கைகொடுத்தது. பனி மூடிய தூந்திரம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பனிக்குமேல் தலைநீட்டும் கருமையான ஊசியிலை மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். 1994-இல் ஜோனதன் ஃபோலி குழுவினர் கணினி மாதிரியில் பார்த்தபோது, சுற்றுப்பாதை மாற்றம் தந்த வெப்பத்துக்கு மேல், காடு பரவியதால் மட்டும் வசந்தகாலத்தில் சுமார் 4 டிகிரியும் மற்றப் பருவங்களில் 1 டிகிரியும் கூடியது.

இதே காலத்தில் கனடா ஒரே சீராக நடந்துகொள்ளவில்லை. வடமேற்கில் மெக்கன்சி ஆற்று முகத்துவாரம் சீக்கிரமே சூடானது. இன்று தூந்திரமாக உள்ள டக்டோயாக்டக் தீபகற்பத்தில் ஸ்புரூஸ் நின்றிருந்ததை ஆய்வாளர்கள் ரிச்சியும் ஹேரும் 1971-லேயே மகரந்தத்தாலும் புதைந்த அடிமரத்தாலும் நிறுவினார்கள். கிழக்கில் லாரண்டைடு பனிப்பாளத்தின் மிச்சம் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்புவரை உருகாமல் கிடந்து சுற்றுப்புறத்தைக் குளிரவைத்தது. ரஷ்யக் கரையில் காடு உச்சத்தில் இருந்தபோது கியூபெக்கின் வடபகுதிக்கு இன்னும் மண்ணே சரியாகக் கிடைக்கவில்லை. நடுக் கனடாவில் மரங்கள் முன்னேறியது சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்தான். காட்டின் பொற்காலம் என்று உலகம் முழுமைக்கும் ஒரே தேதியைப் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

காடு எப்படி முன்னேறியது என்பதைவிட எப்படிப் பின்வாங்கியது என்பதுதான் கற்றுக்கொடுக்கிறது. கோடை வெப்பம் பல ஆயிரம் ஆண்டுகளாக மெல்ல மெல்லக் குறைந்தது. ஆனால் காடு மெல்ல மெல்லக் குறையவில்லை. வளர்ந்த மரம் லேசில் சாகாது. விதை முற்றாவிட்டாலும் நாற்று பிழைக்காவிட்டாலும், மரம் தன் பாட்டுக்கு நூற்றாண்டுக்கணக்கில் நிற்கும். கருப்பு ஸ்புரூஸுக்கு இன்னொரு வசதியும் உண்டு: விதையே இல்லாமல் கிளையை வேராக்கிக்கொள்ளும்.

அப்படி நிற்கும் ஒரு கருப்பு ஸ்புரூஸை வடக்குக் கியூபெக்கின் திறந்த மேட்டில் பார்த்தால், அதன் உடம்பிலேயே காலநிலைக் கணக்கு எழுதியிருக்கும். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பனிக்குள் பத்திரமாக இருக்கும் கிளைகள் அடர்த்தியாக, பசுமையாகப் படர்ந்திருக்கும். அதற்குமேல், குளிர்காலத்தில் பனிப்பரப்பின்மேல் காற்று அள்ளிவரும் பனித்துகள் உரசும் உயரத்தில், தண்டு மொட்டை. பட்டை தேய்ந்து ஒரு பக்கம் வெளுத்திருக்கும். அதையும் தாண்டித் தப்பிய நுனியில் மட்டும், காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கமாக ஒரு கொத்து இலை. பக்கத்தில் காய்ந்த பழைய தண்டுகள் நிமிர்ந்து நிற்கும். ஒருகாலத்தில் அது நேரான மரமாக இருந்தது, குளிர் கூடியபோது பனிக்குள் ஒடுங்கித் தவழும் புதரானது என்பதை அந்தத் தண்டுகளின் வளையங்கள் சொல்லும்.

இந்த நிலையில் தீ வந்தால் கதை முடிந்தது. லாவல் பல்கலைக்கழகத்தின் செர்ஜ் பயெத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த ஒரு விஷயத்துக்குக் கொடுத்தவர். இன்று மரமே இல்லாத லைக்கன் மேடுகளைத் தோண்டியபோது அவருக்குக் கரி கிடைத்தது. காட்டு மண்ணின் அடுக்குகளும் கிடைத்தன. பயெத்தும் உடனாய்வாளர் காஞோனும் 1985-இல் எழுதியதன் சாரம் இது: வடக்குக் கியூபெக்கின் காடு கடந்த 3,000 ஆண்டுகளில் எல்லையோரமாக ஒரே சீராகப் பின்வாங்கவில்லை. குளிரான காலங்களில் மின்னல் தீ தின்ற இடங்களில் காடு மறுபடி முளைக்கவில்லை. தீ தொடாத இடத்தில் அதே குளிரில் பழைய மரங்கள் நின்றன. அந்தப் பகுதி இன்று துண்டு துண்டாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான். மேற்கே என்னடாய் ஏரிப் பகுதியில் ரீட் பிரைசன் குழுவினர் 1965-லேயே இதே தடத்தைத் தொட்டிருந்தார்கள். தூந்திரத்துக்கடியில் அவர்கள் கண்ட காட்டு மண்ணும் கரியும், சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பும் 900 ஆண்டுகளுக்கு முன்பும் எரிந்த காடுகளுடையவை.

ஆக, குளிர் காட்டை நேரடியாகக் கொல்லவில்லை. அது மீளும் வலிமையைப் பறித்தது, கொன்றது வேறொன்று. அந்த வேறொன்று இடத்துக்கு இடம் மாறும்.

வடக்கு ஸ்காண்டிநேவியாவில் அது ஒரு அந்துப்பூச்சியின் புழு. அங்கே மர எல்லை ஊசியிலை மரத்தால் ஆனதல்ல. வளைந்து நெளிந்த மலைப் பிர்ச்சால் ஆனது. சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை எபிரிட்டா என்ற அந்துப்பூச்சியின் புழுக்கள் பெருகும். ஃபின்லாந்தின் வடகோடி நகராட்சியான உட்ஸ்யோக்கியில் 1965-66 பெருக்கம் ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பிர்ச் காட்டைச் சாகடித்தது. அந்தப் பூச்சியின் முட்டைகள் குளிர்காலத்தைக் கிளைகளிலேயே கழிக்கும். வெப்பநிலை சுமார் மைனஸ் 36 டிகிரிக்குக் கீழே போனால் அவை செத்துவிடும். குளிர்காற்று கனமானது, பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அதனால் புழு வந்துபோன பிறகு பார்த்தால் பள்ளத்தாக்கின் அடியில் பசுமை, நடுச்சரிவில் மட்டும் காய்ந்த காடு என்று ஒரு பட்டை தெரியும். கடுங்குளிர் அங்கே காட்டுக்குக் காவல். குளிர்காலம் மிதமாகிவரும் இந்நாளில், முன்பு தெற்கிலும் கடலோரத்திலும் மட்டும் இருந்த இன்னொரு அந்துப்பூச்சி வடகிழக்காகப் பரவிவருகிறது. வெப்பம் கூடினால் காடு பெருகும் என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது.

உட்ஸ்யோக்கியின் காட்டில் பெரும்பகுதி இன்றுவரை மீளவில்லை. பிர்ச் அடியிலிருந்து துளிர்க்கும் மரம். ஆனால் கோடையில் மேயும் துருவமான்கள் துளிரைத் தின்றுவிடுகின்றன. எல்லைவேலிக்கு அப்பால் நார்வேப் பக்கத்தில், குளிர்காலத்தில் மட்டும் மேய்ச்சல் நடக்கும் நிலத்தில், பிர்ச் தெளிவாகவே மேலான நிலையில் இருக்கிறது. ஒரே காலநிலை, ஒரே மண், ஒரே மரம். மேய்ச்சல் பருவம் மட்டும் வேறு. இதை வைத்து, அங்கே துருவமான் மேய்க்கும் சாமி இன மக்களைக் குற்றம் சொல்லுகிறவர்கள், நாடுகளின் எல்லை மூடப்பட்டதால்தான் அவர்களுடைய பழைய பருவகால இடப்பெயர்வு அறுந்தது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. அது நியாயமில்லை.

மனிதர் கை ஓங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஐஸ்லாந்து இருக்கிறது. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்ஸ் மக்கள் குடியேறியபோது நிலப்பரப்பில் 25 முதல் 40 விழுக்காடு வரை பிர்ச் காடு இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தக் காலத்து எரிமலைச் சாம்பல் அடுக்கு ஒன்று தீவின் பெரும்பகுதியில் தெளிவாகத் தெரியும். அதற்குக் கீழே பிர்ச் மகரந்தம் செறிந்திருக்கிறது. மேலே போகப்போகச் சரிந்து, புல் ஏறுகிறது. வெட்டினார்கள், எரித்தார்கள், கரி சுட்டார்கள், ஆடு மேய்த்தார்கள். சிறு பனியுகக் குளிரும் சேர்ந்துகொண்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இயற்கைக் காடு ஒரு விழுக்காடு அளவுக்குச் சுருங்கியிருந்தது. வேர் போனபின் இலேசான எரிமலை மண் காற்றோடு போய்விட்டது; இன்று மரம் நட நினைத்தாலும் பல இடங்களில் நடுவதற்கு மண் இல்லை.

இந்த வரலாற்றோடு இன்றைய நிலைக்கு வருவோம். உலகெங்கும் 166 மர எல்லைகளைத் தொகுத்து மெலனி ஹார்ஷ் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், 1900-க்குப் பின் முன்னேறியவை 52 விழுக்காடுதான். பின்வாங்கியவை ஒரே ஒரு விழுக்காடு. மீதி அசையவே இல்லை. வெப்பம் பரவலாகக் கூடியிருக்க, பாதி எல்லைகள் ஏன் நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்பதற்கு மேலே சொன்ன வரலாறுதான் விடை. முன்னேறிய எல்லைகளில் ஒன்றான துருவ யூரல் மலையில் ஸ்தெபான் ஷியாத்தோவ் பழைய புகைப்படங்கள் எடுக்கப்பட்ட அதே இடங்களில் நின்று மறுபடி படமெடுத்தார். வெற்றுச் சரிவாக இருந்தவை லார்ச் காடாகியிருந்தன. அந்த மலைத்தொடரில் கோடையைவிடக் குளிர்காலமே அதிகம் மாறியிருப்பதாகவும், பனிப்பொழிவு கூடி நாற்றுகளுக்குப் போர்வையானதே காடு ஏறக் காரணமாக இருக்கலாம் என்றும் பின்வந்த ஆய்வு காட்டுகிறது. அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடருக்கு அப்பால் வெள்ளை ஸ்புரூஸ் பத்தாண்டுக்கு நான்கு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போய்க்கொண்டிருப்பதை ரோமன் டயல் குழுவினர் 2022-இல் அறிவித்தார்கள். அங்கேயும் ஆழமான பனி, விதையை வெகுதூரம் கொண்டுபோகும் குளிர்காலக் காற்று, ஊட்டமுள்ள மண் ஆகியவை சேர்ந்துதான் அந்த வேகத்தைக் கொடுத்தன.

பழைய வெப்பகாலத்தை வரப்போகும் காலத்துக்கு அப்படியே உவமையாக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அன்றைய வெப்பம் கோடை வெப்பம், சூரியன் தந்தது. வந்துசேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இன்றைய வெப்பம் கரியமில வாயு தருவது. குளிர்காலத்தில்தான் அதிகம் ஏறுகிறது. சில பத்தாண்டுகளில் வந்துவிட்டது. முட்டையைக் கொல்லும் குளிர் போகிறது, தீ கூடுகிறது, உறைநிலம் உருகி வேரடியில் சகதியாகிறது.

இந்த நிலங்களில் கரியமில வாயுவைக் குறைப்பதற்கென்று மரம் நடச் சொல்லும் யோசனைகள் அவ்வப்போது எழுகின்றன. ஃபோலியின் கணக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆன பின்னும் அதைச் சொல்வது பொறுப்பில்லாத செயல். பனிநிலத்தில் கரும்பச்சைக் காட்டை நட்டால் அது உறிஞ்சும் வெயில், பிடித்துவைக்கும் கரியின் பலனை விழுங்கிவிடக்கூடும்.

தூந்திரத்தைக் காடு விழுங்குகிறது என்றோ, வடகாடு அழிகிறது என்றோ இனி ஒரு செய்தியைப் படிக்கும்போது வாசகர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்க்கவேண்டும். அங்கே கடந்த முப்பது ஆண்டுகளில் முளைத்துப் பிழைத்த நாற்றுகள் எத்தனை? அந்த இடத்தில் கடைசியாகத் தீயோ புழுவோ வந்தது எப்போது? இவ்விரண்டுக்கும் பதில் சொல்லாத செய்தி, நிற்கும் மரங்களை மட்டும் எண்ணியிருக்கிறது.